இரண்டாவது மாடியில் மூழ்கிய கப்பல்

கட்டடம் மிதந்து போய்விடக் கூடாதென்று வாசலில் ஒரு நங்கூரம் போட்டிருந்தார்கள்.

முதன்முதலாக அங்கே நாற்காலிகளுக்குக் குஷன் தைக்கப் போனபோது காவல்காரரிடம் கேட்டேன். "ஏங்க, இது இல்லேன்னா கட்டடம் போயிடுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுவரைக்கும் போகலை இல்ல?" என்றார்.

நான் ஊசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அது கடற்படைத் தலைமை அலுவலகம். கடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மலை இருந்தது. மொட்டை மாடியில் ஏறி, ஸ்டூல் போட்டு, அதன் மேல் நின்று எட்டிப் பார்த்தாலும் மலைதான் தெரியும். ஆனால் கடற்படைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் எந்தக் கட்டடத்தில் போய் உட்கார்ந்தாலும் விசில் ஊதி, கொடியேற்றி, அதைக் கப்பல் என்று அறிவித்துவிடுவார்கள். அறிவித்த பிறகு அது கப்பல்தான். தரையைத் தரை என்று சொல்லக் கூடாது, தளம் என்று சொல்ல வேண்டும். உள்ளே நுழைகிறவன் "கப்பலேற அனுமதி உண்டா?" என்று கேட்க வேண்டும். வெளியே போகிறவன் "கரையிறங்க அனுமதி உண்டா?" என்று கேட்க வேண்டும். ஒருமுறை நான் மறந்துபோய், நூல்கண்டு வாங்க எதிர்க் கடைக்கு நேராக நடந்துவிட்டேன். "ஆள் கடலில் விழுந்துட்டான்!" என்று மணியடித்து, காவல்காரர் ஒரு பெரிய ரப்பர் வளையத்தைத் தெருவில் வீசினார். அந்த வழியாக வந்த சைக்கிள்காரர் ஒருவர் அதில் சிக்கி விழுந்தார். அந்த வருஷம் கடலில் விழுந்து மீட்கப்பட்டவர்களில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் அந்தக் குழு உட்கார்ந்தது.

நாட்டுக்கு ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வாங்குவது என்று முடிவாகியிருந்தது. அணுசக்தியில் ஓடுவதா, டீசலில் ஓடுவதா என்பதுதான் பாக்கி. அதை முடிவு செய்ய இரண்டாவது மாடியில் ஒரு குழு போட்டார்கள். அவர்கள் எவ்வளவு ஆழமாக யோசித்தார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். குஷனைப் பிரித்துப் பார்த்தால் ஃபோம் சொல்லும். தோசைக்கல் மாதிரி என்று சொல்ல மாட்டேன், தாள் மாதிரி ஆகியிருக்கும். என் பெரிய மகள் பிறந்த வருஷம் அந்த நாற்காலிகளுக்கு முதல் குஷன் போட்டேன். அவள் நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள், வேலைக்குப் போனாள், கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. அணுவா டீசலா என்பது மட்டும் நிச்சயமாகவில்லை.

கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் சங்கடமே அதுதான்.

மகள் தானாகப் பார்த்துக்கொண்ட பையன் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி ஜன்னல் துடைக்கிறவன். எனக்குப் பிடிக்கவில்லை. "உசந்த இடத்துல சம்பந்தம் வேணும்னு நான் ஆசைப்பட்டது வாஸ்தவம். அதுக்காகக் கயித்துல தொங்குறவனா?" என்றேன். அன்றிலிருந்து மகள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். என் மனைவி சுவருக்குப் பரிந்து பேசுவாள். கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன்.

"சரி, வர்றேன். பதிவாளர் ஆபீசுல வந்து நிக்கிறேன். கையெழுத்தும் போடுறேன். போதுமா?"

மகள் முதல்முறையாகச் சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, நீ வரலேன்னா, வேணும்னுதான் வரலேன்னு நினைச்சுக்குவேன். ஆயுசுக்கும் நினைச்சுக்குவேன். அப்புறம் நீ என்ன காரணம் சொன்னாலும் என் காதுல ஏறாது."

சனிக்கிழமை காலை கல்யாணம். மதியத்தோடு பதிவாளர் அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் கடற்படையிலிருந்து தொலைபேசி. குழுவின் செயலாளர் பேசினார். இளம் அதிகாரி. எந்த உத்தரவு வந்தாலும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்வார். வீட்டிலும் அப்படித்தான் என்று அவருடைய மனைவி ஒருமுறை வந்து அழுதுவிட்டுப் போனதாகக் கேள்வி.

"குஷன்காரரே, அட்மிரல் நாற்காலியில ஸ்பிரிங் வெளிய வந்துடுச்சு. உடனே வரணும்."

"இன்னைக்கு முடியாதுங்க. பொண்ணுக்குக் கல்யாணம்."

"அட்மிரல் நின்னுகிட்டிருக்காரு," என்றார் அவர் தழுதழுத்த குரலில். நாட்டின் பாதுகாப்பு அன்றைக்கு எந்த நிலையில் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கல்யாணத்துக்கென்று தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். "ஒரே ஒரு ஸ்பிரிங். போனதும் வந்துடுவேன்," என்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சுவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது மாடிக்குப் போனால் அறை நடுவே தரையில், மன்னிக்கவும், தளத்தில், சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கதவும் ஏசியும். அந்தப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல். ஒரு பெரிய மேஜை கோட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. மேஜைத் தலைமாட்டில், சரியாகக் கோட்டின் மேல், குழுத் தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வயதானவர். பெரிய போர் ஒன்றில் கலந்துகொண்டவர். எந்தப் போர், யார் பக்கம் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்.

இந்தப் பக்கம் அணு அட்மிரல் நின்றுகொண்டிருந்தார். ஒல்லி. கண்ணிமைக்க மாட்டார். அந்தப் பக்கம் டீசல் அட்மிரல். குண்டு. மூச்சு வாங்குவார், அடிக்கடி வெளியே போய்வருவார். ஒருவருக்கொருவர் நேராகப் பேசிப் பல வருஷம் ஆகிறது. எல்லாம் செயலாளர் மூலமாகத்தான். எங்கள் வீட்டில் சுவர் பார்த்த வேலையை இங்கே அவர் பார்த்தார்.

நான் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, மேஜையடியில் உட்கார்ந்து ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மேலே செயலாளர் படித்தார்: "மாண்புமிகு அமைச்சர் அவர்கள், 'எந்தக் கப்பல் நல்லா இருக்குன்னு ஓட்டிப் பார்த்துட்டு வாங்கறதுதானே?' என்று கேட்டிருப்பதால், இன்று சோதனை ஓட்டம் நடைபெறுகிறது. நம்மிடம் கப்பல் எதுவும் கைவசம் இல்லாத காரணத்தால் இந்த அறையே கப்பலாக அறிவிக்கப்படுகிறது. அறை ஒன்றுதான் இருப்பதால் முன்பாதி அணுக்கப்பல், பின்பாதி டீசல் கப்பல். கப்பல்தலைவர், நம் தலைவர். அவர் உத்தரவிட்டால்தான் மேலே வரலாம்."

விசில் ஊதினார்கள்.

"மூழ்கு!" என்றார் அணு அட்மிரல்.

"மூழ்கு!" என்று திருப்பிச் சொல்லிவிட்டு செயலாளர் கதவைப் பூட்டி, விளிம்பெல்லாம் ஒட்டுநாடா ஒட்டி, சாவியைத் தலைவரின் சட்டைப் பையில் போட்டார். "மூழ்கியாச்சு சார்!"

நான் மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினேன். "ஐயா, ஸ்பிரிங் போட்டாச்சு. கரையிறங்க அனுமதி உண்டா?"

அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இருநூறு மீட்டர் ஆழத்துல இருக்கோம்," என்றார் அணு அட்மிரல் பொறுமையாக. "கதவைத் திறந்தா என்ன ஆகும்?"

"வராந்தா வரும்."

"தண்ணி வரும்! அத்தனை பேரும் செத்துப்போவோம்!" என்றார். அவருடைய உதடு நிஜமாகவே நடுங்கியது.

"ஐயா, என் பொண்ணுக்கு இன்னைக்குக் கல்யாணம்."

"குஷன்காரரே, கப்பல்ல போறவனுக்கும் குடும்பம் உண்டு. அதனாலதான் அவன் கப்பல்ல போறான்."

செயலாளர் என்னை அணுக்கப்பல் சிப்பந்தி என்று சேர்த்துக்கொண்டார். ஒரு தொப்பியும் கொடுத்தார். அது காதுவரை இறங்கியது.

மேலே வர எத்தனை நேரமாகும் என்று விசாரித்தேன். அணு அட்மிரல் முகம் மலர்ந்தது. அவருக்குப் பிடித்த கேள்வி அது. எழுந்து நின்று சொற்பொழிவு ஆற்றினார்.

"எங்க கப்பலோட பெருமையே அதுதான். மேலே வரவே வேண்டியதில்லை! மாசக்கணக்கா, வருஷக்கணக்கா உள்ளேயே இருக்கலாம். எரிபொருள் தீராது, காத்து தீராது. சாப்பாடு ஒண்ணுதான் தீரும். அந்தக் குறையையும் ஆராய்ஞ்சுகிட்டிருக்கோம். மனுஷன் இல்லாட்டி சாப்பாடு எதுக்குன்னு ஒரு அறிக்கை வந்திருக்கு. நான் இந்தக் குழுவுக்கு வந்ததுலேருந்து ஒரு தடவை கூட மேலே வந்து யோசிச்சதில்லை."

அந்த ஏசிதான் அணுஉலை என்றும், அதை நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது என்றும் சொன்னார். எங்கள் பக்கம் எல்லாருக்கும் பல் கிட்டித்தது. நான் ரெக்ஸின் துண்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்து டீசல் அட்மிரல் கிசுகிசுத்தார். "செயலாளரே, அந்த ஏசி சத்தம் ஏழு கடல் தாண்டிக் கேக்குது, எதிரி காதுல பஞ்சு வெச்சிருந்தாக்கூடக் கேக்கும்னு அவர்கிட்ட சொல்லுங்க. நாங்க பாட்டரியில போறோம். சத்தமே இருக்காது. எங்களை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"கண்டுபிடிக்க முடியாது சார்," என்று திருப்பிச் சொல்லிவிட்டு, செயலாளர் அந்தப் பக்கத்து விளக்கை அணைத்தார். அணைத்ததும் டீசல் அட்மிரல் மேஜைக் காலில் முட்டிக்கொண்டு கத்தினார். மறுபடி அமைதி.

எனக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது. டீசல் கப்பல் அடிக்கடி மேலே வர வேண்டும், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற. அப்படியென்றால் நான் இருக்க வேண்டிய இடம் அந்தப் பக்கம். இத்தனை வருஷம் குஷன் போட்டும் எனக்கு இந்தச் சர்ச்சையில் ஒரு கருத்தும் இருந்ததில்லை. அந்த நிமிஷத்திலிருந்து நான் தீவிர டீசல்காரன். மேஜைக்கு அடியில் தவழ்ந்து கோட்டைத் தாண்டினேன்.

"அங்கே யாரு?" என்றார் டீசல் அட்மிரல்.

"குஷன்காரன்."

"அணுக்கப்பல்லேருந்து எங்க கப்பலுக்கு எப்படி வந்தே? நடுவுல கடல் இல்ல?"

"நீந்தி வந்தேங்க."

அவர் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. "நல்லா நீந்தறே," என்றார் வியப்போடு. எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

"ஐயா, நாம எப்போ மேலே வருவோம்?"

"பாட்டரி தீர்ந்ததும்."

"பாட்டரி எதுங்க?"

அவர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "நான்தான். எனக்கு டீ வேணும்னு தோணினா மேலே வந்தாகணும். ஆனா இன்னைக்கு அவன் முன்னாடி நான் முதல்ல வர மாட்டேன். மானப் பிரச்சினை." சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார். மூன்றாவது பெருமூச்சில் அவருடைய கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்த மனிதர் டீ நேரத்தைத் தாண்டிவிட்டார்.

தலைவரை எழுப்பலாமே என்றேன். செயலாளர் பதறிவிட்டார். "அவசரநிலையில மட்டும்தான் தலைவரை எழுப்பலாம்."

"இது அவசரம்தானேங்க?"

"அவசரநிலையைத் தலைவர்தான் அறிவிக்கணும்."

தலைவர் குறட்டை விட்டார். மீசை ஏறி இறங்கியது. சாவி அவருடைய பையில் இருந்தது.

என் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. மகள். எடுக்கப் போனேன், செயலாளர் பிடுங்கிக்கொண்டார். "கடலுக்கடியில சிக்னல் கிடையாது!"

"அடிக்குதேங்க!"

"அது அடிக்கறதா உங்களுக்குத் தோணுது. ஆழத்துல அப்படித்தான் இருக்கும்." கைபேசி அவருடைய கையில் பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தது. எல்லாரும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம். பாட்டு நின்றது. மறுபடி தொடங்கியது. மறுபடி நின்றது. மூன்றாம் முறை தொடங்கவேயில்லை. என் மகளைத் தெரியும். மூன்றாவது முறை அவள் கூப்பிட மாட்டாள். இந்நேரம் யாராவது ஒரு சுவரைப் பார்க்க ஆரம்பித்திருப்பாள்.

நடந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன். அவள் மாப்பிள்ளையை அனுப்பியிருக்கிறாள், அப்பா வருகிறாரா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டு வா என்று. அவர் கல்யாணக் கோட்டோடு வாசலுக்கு வந்து காவல்காரரிடம் கேட்டிருக்கிறார். "குஷன்காரரைப் பாக்கணும்."

"பாக்க முடியாது. இரண்டாவது மாடி மூழ்கியிருக்கு."

வேறு யாராவது என்றால் திரும்பியிருப்பார்கள். மாப்பிள்ளைக்கு அந்தக் கட்டடம் பழக்கம். அவருடைய கயிறும் பலகையும் அதன் மொட்டை மாடியில்தான் கிடக்கும். "சரி, ஜன்னல் துடைக்க வந்தேன்," என்றார். காவல்காரர் முகம் தெளிந்தது. கப்பலின் வெளிப்புறத்தில் சிப்பி ஒட்டினால் சுரண்டுவது கடற்படையில் மிக முக்கியமான வேலை. "அதை முதல்ல சொல்றதுக்கென்ன? கப்பலேறலாம்!" என்று சல்யூட் அடித்து மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டார்.

ஆக, எங்களுடைய ஜன்னலில் முதலில் இரண்டு கால்கள் இறங்கின. பளபளவென்று புது ஷூ. பிறகு கோட்டு. பிறகு ஒரு வாளி. கடைசியில் முகம்.

டீசல் அட்மிரல் கையிலிருந்த பிஸ்கட் விழுந்தது. செயலாளர் விறைப்பாக நின்று அறிக்கை தந்தார்: "இருநூறு மீட்டர் ஆழத்துல கோட்டுப் போட்ட ஆள் ஒருத்தர் தெரியறாரு சார்! கையில வாளி இருக்கு!"

"எதிரியா?"

"பூ குத்தியிருக்காரு சார்!"

"ஆழ்கடல்ல இன்னும் விஞ்ஞானம் கண்டுபிடிக்காத ஜந்துக்கள் நிறைய," என்றார் அணு அட்மிரல், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி. "சிலதுக்கு முகம்கூட உண்டு."

"அது என் மாப்பிள்ளைங்க! போட்டோவில பார்த்திருக்கேன்!" என்றேன்.

டீசல் அட்மிரல் என் தோளில் கை வைத்தார். "ஆழத்துல எல்லாருக்கும் சொந்தக்காரங்க தெரிவாங்க. எனக்கு இப்போ ஒரு டீக்கடை தெரியுது."

மாப்பிள்ளை கண்ணாடிக்கு வெளியிலிருந்து என்னைப் பார்த்துவிட்டார். மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். பிறகு வானத்தைக் காட்டினார், உச்சிக்கு வரப்போகும் சூரியனை. பிறகு தன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, ஒரு பெண் சுவரைப் பார்த்து நிற்பது போல் நின்று காட்டினார். அவர் அதை அவ்வளவு சரியாகச் செய்தார். எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை அவர். அவளை எவ்வளவு கவனித்திருந்தால் அந்தத் தோள்பட்டை அப்படி அமையும்!

செயலாளர் கொடி மொழிப் புத்தகத்தைப் புரட்டி, "'உங்கள் கப்பலில் வாழைப்பழம் தீப்பற்றிக்கொண்டது' என்கிறார் சார்," என்று மொழிபெயர்த்தார்.

எப்படியாவது வெளியே போக வேண்டும். நான் செயலாளரின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "ஐயா, இந்தச் சோதனையில வெளிய போற மாதிரி ஏதாவது ஒரு கட்டம் இருக்கா? எதுவானாலும் சரி."

அவர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். "டார்பிடோ ஏவும் பயிற்சி இருக்கு. தண்ணிக்கடியில பாயற குண்டு. அந்த ஜன்னல்தான் டார்பிடோக் குழாய். ஆனா நம்மகிட்ட டார்பிடோ இல்லை. தரைவிரிப்பைச் சுருட்டி வீசலாமான்னு யோசிச்சோம்."

"நான் போறேன்."

"எங்கே?"

"நான்தான் டார்பிடோ."

இரண்டு அட்மிரல்களும் என்னைத் தலை முதல் கால்வரை அளந்தார்கள். நான் கைகளை உடம்போடு ஒட்டி விறைப்பாக நின்றேன். தொப்பி முனை மட்டும் கொஞ்சம் மழுங்கலாக இருந்தது. அணு அட்மிரல் அதை ஒரு கூம்பாகப் பிடித்துவிட்டார்.

"இலக்கு?" என்றார் டீசல் அட்மிரல்.

"பதிவாளர் அலுவலகம்."

"எதிரி நிலையமா?"

"இன்னைக்கு மதியத்தோட பூட்டிடுவாங்க."

"அப்போ எதிரிதான்," என்றார் அவர். டீக்கடையையும் மனதில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். "ஐயா, இதுக்குத் தலைவர் உத்தரவு வேண்டாமா?"

"மேலே வர்றதுக்குத்தான் தலைவர் உத்தரவு வேணும்," என்றார் செயலாளர். "சுடறதுக்கு யார் வேணும்னாலும் உத்தரவு போடலாம். அதுசரி, டார்பிடோ பேசக் கூடாது."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த தகராறு, நான் யாருடைய டார்பிடோ என்பது. அணுக்கப்பலில் ஏறியவன் என்பதால் தங்களுடையவன் என்றார் அணு அட்மிரல். குழாய் தங்கள் பக்கம் இருப்பதால் தங்களுடையவன் என்றார் டீசல் அட்மிரல். செயலாளர் இரண்டு பக்கமும் ஓடி ஓடித் திருப்பிச் சொன்னதில் அவருக்கே யார் என்ன சொன்னார்கள் என்று மறந்துவிட்டது. கடைசியில் அட்மிரல்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ தலையைப் பிடி," என்றார் டீசல் அட்மிரல்.

"நீ காலைப் பிடி," என்றார் அணு அட்மிரல்.

அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷ விரோதம் என் உடம்பின் இரண்டு முனைகளில் முடிவுக்கு வந்தது. இருவரும் என்னைக் கிடைமட்டமாகத் தூக்கினார்கள். டீசல் அட்மிரல் மெதுவாகக் கேட்டார், "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" அணு அட்மிரல் என் தலைக்கு மேலே சொன்னார், "பேரன் பிறந்திருக்கான். சொல்லணும்னு நினைச்சேன்." நான் டார்பிடோ என்பதால் வாழ்த்துச் சொல்ல முடியவில்லை.

"ஜன்னலைத் திறக்கப் போறோம்! எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்குங்க!" என்றார் செயலாளர். எல்லாரும் கன்னத்தை உப்பிக்கொண்டார்கள். நானும்தான். ஜன்னல் திறந்தது. இருநூறு மீட்டர் ஆழத்துக் கடல் உள்ளே வந்து, மேஜை மேலிருந்த தாள்களை லேசாகப் புரட்டிவிட்டுப் போனது. அதில் தெருவின் பெட்ரோல் வாசனை இருந்தது.

செயலாளர் மூச்சு விடாமல் கையை அசைத்தார். என்னை ஏவினார்கள்.

நேராகப் போய் மாப்பிள்ளையின் பலகையில் விழுந்தேன். வாளி கவிழ்ந்து, சோப்பு நுரை தலையோடு கொட்டியது. எனக்குப் பின்னால் ஜன்னல் பட்டென்று மூடியது.

"வாங்க மாமா," என்றார் மாப்பிள்ளை, வீட்டு வாசலில் நின்று வரவேற்கிற மாதிரி. அதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

பலகை ஆடியது. நான் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இரண்டு கையாலும் அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"கயிறு தாங்குமா?"

"உங்க பொண்ணும் முதல் நாள் இதையேதான் கேட்டா."

"அவ இதுல ஏறியிருக்காளா?"

"மாமா, இப்போ அதைப் பேச வேண்டாம். கண்ணை மூடிக்குங்க."

மூடிக்கொண்டேன். மனுஷன் என்னைக் கீழே இறக்கிய விதம் இருக்கிறதே, ஒரு குலுக்கல் கிடையாது. நல்ல ஃபோம் குஷனில் உட்கார்ந்து இறங்குகிற மாதிரி இருந்தது. இதை அன்றைக்கு நான் அவரிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையை முதல் நாளே புகழ்ந்துவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கும்?

பதிவாளர் அலுவலகத்தில் குமாஸ்தா கையில் பூட்டோடு வாசலில் நின்றார். அவரை என் மனைவி கதவுக்கு நடுவே உட்கார்ந்து தடுத்திருந்தாள். மகள் உள்ளே, எதிர்பார்த்தபடியே, சுவரைப் பார்த்து நின்றாள்.

"அம்மாடி," என்றேன்.

அவள் திரும்பினாள். காதுவரை இறங்கிய கடற்படைத் தொப்பியையும், கூம்பையும், கோட்டில் வழிந்த நுரையையும் பார்த்தாள்.

"எங்கேப்பா போனே?"

"கடலுக்கு அடியில."

"எத்தனையாவது மாடி?"

"இரண்டாவது."

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். அவளுடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "இப்படி ஒரு காரணத்தை உன்னால யோசிச்சுச் சொல்ல முடியாதுப்பா. அதனால நம்பறேன்," என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். எப்படி வந்தீர்கள், பேருந்திலா காரிலா என்று குமாஸ்தா பேச்சுக்குக் கேட்டார். டார்பிடோவில் என்றேன். "சொந்த வண்டியா?" என்றார்.

சுத்தியலையும் கைபேசியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை எடுக்கப் போனால், காவல்காரர் என்னைக் கண்டதும் விசில் ஊதித் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். ஏவிய டார்பிடோ வெடிக்காமல் திரும்பி வந்திருக்கிறது. கட்டடமே காலியானது. வாசலில் மணல் மூட்டை அடுக்கினார்கள். தலைக்கவசம் போட்ட நான்கு பேர் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி தூக்கிக்கொண்டுபோய் இரண்டையும் எடுக்கவைத்து, அதே மாதிரி திரும்பக் கொண்டுவந்து தெருவில் வைத்தார்கள். இன்றுவரைக்கும் அங்கே சிகரெட் பிடிக்கிறவர்கள் என்னைக் கண்டால் அவசரமாக அணைத்துவிடுகிறார்கள்.

சோதனை ஓட்டத்தின் முடிவு என்ன என்று கேட்பீர்கள். தலைவர் சாயங்காலமாகக் கண் விழித்தாராம். மேலே வரலாமா என்று கேட்டதற்கு, "நாம எப்போ மூழ்கினோம்?" என்றாராம். அதைக் கண்டறிய ஓர் உபகுழு போட்டிருக்கிறார்கள். அணுவா டீசலா என்பதில் இரு அட்மிரல்களும் இப்போது ஒரே கருத்துக்கு வந்துவிட்டார்கள்: அது அவசரப்பட்டு முடிவு செய்கிற விஷயமல்ல. தினமும் ஒன்றாக டீ குடிக்கிறார்கள். கப்பல் எதுவானாலும் டார்பிடோ மட்டும் என் மாதிரியில்தான் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறார்களாம். இதெல்லாம் மாப்பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்துவந்து சொல்வது. அவரைக் கண்டால் எல்லாரும் கன்னத்தை உப்பிக்கொள்கிறார்களாம்.

கயிற்றில் தொங்குகிற வேலையை மாப்பிள்ளை விட்டுவிட்டாரா என்று சொந்தக்காரர்கள் என்னிடம் இன்னும் கேட்கிறார்கள். விட நான் விடுவேனா? சின்ன மகள் ஒருத்தி பாக்கி இருக்கிறாள். அவளுடைய கல்யாணத்தன்றைக்கும் அங்கே ஒரு ஸ்பிரிங் வெளியே வரும்.